பகலில் பார்த்த நோய்

ஸ்ரீரங்கத்தில் பெருமாளைத் தூங்க வைக்க வீணை வாசிப்பார்கள். எழுப்புவதற்குத் தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருப்பள்ளியெழுச்சி இருக்கிறது. விடியற்காலையில் சந்நிதி திறக்கும்போது எதிரே யானையும் பசுவும் நிற்கும். அவருடைய தூக்கத்துக்கு அறிதுயில் என்று பெயர். எல்லாம் அறிந்தபடியே தூங்குவது.

அதே ஊரில், சித்திரை வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருந்த என் பெரியப்பாவின் தூக்கம் வேறு மாதிரி. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயதில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. திருச்சியில் ஒரு நியூரோ டாக்டரிடம் போனோம். கையை மடக்கிப் பார்த்தார், விரலைத் தட்டச் சொன்னார், வராந்தாவில் நடக்கச் சொன்னார். பத்து நிமிஷத்தில் பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார். சரியான முடிவுதான். மாத்திரை எழுதிக் கொடுத்தார், நடுக்கமும் குறைந்தது.

பெரியம்மா அன்றைக்குச் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. கை நடுங்குவதற்கு எட்டு ஒன்பது வருஷம் முன்பிருந்தே பெரியப்பா ராத்திரியில் கத்துவார், எட்டி உதைப்பார், யாரையோ விரட்டுவார். பகலில் அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். ஒருநாள் தூக்கத்தில் அவர் வீசிய கை பெரியம்மாவின் கன்னத்தில் பட்டுக் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. கேட்டவர்களிடம் "கதவு இடிச்சிடுச்சு" என்றார். பல வருஷம் கழித்து என்னிடம் இதைச் சொன்னபோது, "புருஷன் ராத்திரியில அடிக்கிறார்னு டாக்டர்கிட்ட போய்ச் சொல்ல முடியுமாடா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்புறம் ஞாபகம். தினமும் அம்மா மண்டபம் வரை நடந்து போய் வருகிறவர், ஒருநாள் திரும்பும் வழியில் ராஜகோபுரத்துக்கு எதிரே நின்றுவிட்டார். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. பூக்கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போனார். "வயசாச்சுல்ல" என்றார்கள் எல்லாரும். நானும்தான்.

நடுக்கம், ராத்திரிச் சண்டை, மறதி. மூன்றும் ஒரே நோயின் வேலை என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஏன் தெரியாமல் போனது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மருத்துவத்துக்கே அது தெளிவாகப் புரிய இருநூறு வருஷத்துக்குப் பக்கமாக ஆகியிருக்கிறது.

தெருவில் பார்த்தவர்

ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்தவர். 1817இல் 66 பக்கத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். நடுக்குவாதம் பற்றிய கட்டுரை என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். அதில் ஆறு பேரின் கதை இருக்கிறது. அந்த ஆறு பேரில் இருவரை அவர் தெருவில் சந்தித்து, நிறுத்தி விசாரித்தார். இன்னொருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

ஒரு மருத்துவர் நோயாளிகளைத் தெருவில் கண்டுபிடித்தார் என்பது அவருடைய கண்ணின் கூர்மையைக் காட்டுகிறது. முன்னால் சாய்ந்த உடம்பு, சின்னச் சின்ன அடி, ஓட்டமாக மாறும் நடை, சும்மா இருக்கும்போது நடுங்கும் கை. இவ்வளவும் தெருவில் தெரியும். ஆனால் தூக்கம் தெருவில் தெரியாது. மறதியும் தெரியாது. அந்த நோய்க்கு அவர் தந்த வரையறையிலேயே புலன்களுக்கும் அறிவுக்கும் பழுதில்லை என்று எழுதிவிட்டார்.

இத்தனைக்கும் அதே நூலில் தூக்கம் கெடுவதைப் பற்றி அவர் சொல்கிறார். நோய் முற்றும்போது தூக்கத்திலும் கை கால் நடுங்கி ஆளை எழுப்பிவிடுகிறது. கடைசிக் கட்டத்தில் எந்நேரமும் தூங்கி வழிதலும் லேசான பிதற்றலும் வருகின்றன. பார்த்திருக்கிறார், எழுதியும் இருக்கிறார். ஆனால் வரையறைக்குள் அவை ஏறவில்லை. அடுத்து வந்தவர்கள் படித்தது வரையறையைத்தான்.

என் வேலையில் இது தினசரி அனுபவம். லாக்கில் பதிவாகாத பிழையை யாரும் திருத்துவதில்லை. பயனர் பத்து தடவை சொன்னாலும், "எங்க சிஸ்டத்துல அப்படி எதுவும் காட்டலையே" என்பதுதான் முதல் பதில்.

ஆடும் நாற்காலி

நோய்க்குப் பார்க்கின்சன் பெயரை வைத்தவர் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இருந்த ஜான் மார்ட்டின் ஷார்கோ. அந்த மருத்துவமனையில் முதிய பெண்கள் ஆயிரக்கணக்கில் வருஷக்கணக்காகத் தங்கியிருந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து பார்க்க முடிந்ததால், காலப்போக்கில் அறிவும் மங்கத்தான் செய்கிறது என்று ஷார்கோ பார்க்கின்சனைத் திருத்தினார்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். நோயாளிகள் நீண்ட தூரம் ரயிலிலோ குதிரை வண்டியிலோ குலுங்கிப் பயணம் செய்து வந்தால் உடம்பு லேசாகிவிட்டது என்று சொன்னார்கள். உடனே மோட்டார் வைத்துக் குலுங்கும் நாற்காலி ஒன்றைச் செய்ய வைத்தார். அதில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அன்றிரவு நல்ல தூக்கம் வந்தது என்று 1892இல் ஒரு விரிவுரையில் சொன்னார். நான் படித்தவரையில், இந்த நோயில் தூக்கத்தைப் பொருட்படுத்திய வைத்தியங்களில் மிகப் பழையது இதுதான். 120 வருஷம் கழித்து, 2012இல், அமெரிக்காவில் அந்த நாற்காலியைச் சோதித்துப் பார்த்தார்கள். குலுங்கும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கும் குலுங்காத நாற்காலியில் இதமான ஒலி கேட்டு ஓய்வெடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே பலன்தான். வாழ்நாள் முழுக்க ரயில்வேயில் இருந்த பெரியப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால் ரயில் பக்கம்தான் பேசியிருப்பார்.

ஷார்கோவின் இன்னொரு வைத்தியம் நிலைத்துவிட்டது. பெல்லடோனா என்ற செடியின் சாரம். நம் ஊர் ஊமத்தையில் இருப்பதும் அதே வகை நச்சுகள்தான். ஊமத்தை தின்றால் புத்தி பேதலிக்கும் என்று கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அளவோடு கொடுத்தால் நடுக்கமும் எச்சில் ஒழுகுவதும் குறைகின்றன. 1949இல் அதே வேலையைச் செய்யும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற செயற்கை மருந்து வந்தது. விலை குறைவு. இன்றைக்கும் நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம்.

அது வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். மூளையில் அசைவை ஆளும் பகுதியில் டோபமினும் அசிட்டைல்கோலினும் தராசின் இரண்டு தட்டுகள் மாதிரி. பார்க்கின்சன் நோயில் டோபமின் தட்டு மேலே போய்விடுகிறது. இந்த மருந்து அசிட்டைல்கோலினை அடக்கித் தராசைச் சமன் செய்கிறது. ஆனால் நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டியது அதே அசிட்டைல்கோலின். இளவயது நோயாளி இதைச் சமாளித்துவிடுவார். எழுபதைத் தொட்டவருக்கு இதே மாத்திரை குழப்பத்தையும் மறதியையும் கூட்டும். நடுங்காத கையை வாங்கிக்கொண்டு ஞாபகத்தை விலையாகக் கொடுப்பது மாதிரி.

வேரும் விதையும்

இந்த இடத்தில் கதை நம் நாட்டுக்கு வருகிறது.

சர்ப்பகந்தி என்ற செடியின் வேர் நெடுங்காலமாக இந்தியாவில் தூக்கத்துக்கும் சித்தப் பிரமைக்கும் கொடுக்கப்பட்டு வந்தது. 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள், மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் அது பயன்படுகிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ஒரு பிரிட்டிஷ் இதழில் தன் நோயாளிகளின் கணக்கை வெளியிட, உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. மனநல மருத்துவமனைகளில் அதைத் தாராளமாகக் கொடுத்தார்கள். நோயாளிகள் அமைதியானார்கள். சிலர் அளவுக்கு மீறி அமைதியானார்கள்: முகம் இறுகியது, உடம்பு விறைத்தது, கை நடுங்கியது. மருந்து அவர்களுக்குப் பார்க்கின்சனை வரவழைத்திருந்தது.

இரண்டாவது, ஒரு விதை. பூனைக்காலியின் காய் மேலிருக்கும் சுணை உடம்பில் பட்டால் அரிப்பு தாங்க முடியாது. அதன் விதை சித்த, ஆயுர்வேத மருந்துகளில் உண்டு. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து லண்டனின் 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார்கள். அந்தப் பொருளுக்கு மூளையோடு இருக்கும் உறவு அப்போது யாருக்கும் தெரியாது. அதற்கு முன்பே, 1913இல், மொச்சை வகையொன்றிலிருந்து அதைப் பிரித்த மார்க்குஸ் குகன்ஹைம் என்பவர் இரண்டரை கிராம் தானே விழுங்கி வாந்தி எடுத்ததோடு விட்டுவிட்டார்.

வேரும் விதையும் சந்தித்தது ஸ்வீடனில். 1957இல் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். காது தொங்க, அசையாமல் கிடந்தன. பிறகு டோபாவை ஊசி வழியே செலுத்தினார். முயல்கள் எழுந்து நடமாடின. டோபமின் இல்லாவிட்டால் உடம்பு உறைகிறது, திரும்பக் கொடுத்தால் எழுகிறது என்பதற்கு அதுவே முதல் தெளிவான சான்று. 2000இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதைக் காட்டினார். 1961இல் அவரும் பிர்க்மாயரும் நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போட்டார்கள். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், சிறுகச் சிறுக அளவைக் கூட்டி வாய்வழியே கொடுத்தால் பலன் நிலைக்கிறது என்று காட்டினார். 1970களில் கார்பிடோபா சேர்ந்த மாத்திரை வந்ததும் வாந்தியும் கட்டுக்குள் வந்தது. பெரியப்பா சாப்பிட்டதும் அதைத்தான்.

ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டுப் பூனைக்காலிப் பொடியை வாங்கிச் சாப்பிடக் கூடாது. லெவோடோபாவின் அளவு விதைக்கு விதை மாறும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவருக்கு அது கூடுதல் டோஸ்.

1960களில் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா ஆகியோரின் குழு வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தது. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, கணக்கிட்டு ஊசியைச் செலுத்தி, நடுக்கத்தைத் தூண்டும் புள்ளியை மட்டும் செயலிழக்கச் செய்யும் அறுவைச் சிகிச்சை. ஸ்கேன் இல்லாத காலத்தில் எக்ஸ்ரே படங்களை வைத்து மூளைக்குள் வழி கண்டுபிடித்த வேலை அது. பெரிய சாதனை. அதுவும் நடுக்கத்துக்கான சாதனைதான்.

மருந்தும் கத்தியும் இவ்வளவு தூரம் வந்த பிறகும் இரவை யாரும் தொடவில்லை. சொல்லப்போனால், லெவோடோபா வந்து நோயாளிகள் கூடுதல் காலம் வாழ ஆரம்பித்த பிறகுதான் இரவும் மறதியும் பூதாகரமாகத் தெரிந்தன.

இரவைப் பார்த்தவர்கள்

தூக்கத்துக்கும் இந்த நோய்க்கும் உறவு உண்டு என்பதற்கு முன்பே ஒரு பெரிய குறிப்பு கிடைத்திருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரு மூளைக் காய்ச்சல் உலகமெங்கும் பரவியது. 1917இல் வியன்னாவில் அதை விவரித்தவர் கான்ஸ்டன்டின் ஃபான் எகனாமோ. சிலர் வாரக்கணக்கில் தூங்கினார்கள். சிலருக்குத் தூக்கமே வரவில்லை. பிழைத்தவர்களில் பலர் சில வருஷங்களில் பார்க்கின்சன் போல உறைந்துபோனார்கள். 1969இல் நியூயார்க்கில் ஆலிவர் சாக்ஸ் லெவோடோபா கொடுத்து எழுப்பியது அப்படி உறைந்து கிடந்தவர்களைத்தான். தூக்கத்தைக் கெடுக்கும் அதே சேதம் அசைவையும் கெடுக்க முடியும் என்பது அப்போதே கண்முன் இருந்தது.

1965இல் பிரான்ஸில் மிஷேல் ஷூவே பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார். நாம் கனவு காணும்போது கண்கள் மட்டும் வேகமாக அசையும், உடம்புத் தசைகள் கட்டிப்போட்டது போல் தளர்ந்திருக்கும். அந்தக் கட்டு இருப்பதால்தான் கனவில் ஓடினாலும் பாயை விட்டு எழுவதில்லை. ஷூவேயின் பூனைகளுக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. தூங்கிக்கொண்டே இல்லாத எலியைத் துரத்தின.

மனிதர்களில் அதையே 1986இல் மினியாபொலிஸில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் இருவரும் விவரித்தார்கள். அவர்களிடம் வந்த முதியவர் ஒருவர் அமெரிக்கக் கால்பந்து ஆடுவதாகக் கனவு கண்டு, எதிராளி மேல் பாய்வதாக நினைத்துப் படுக்கையறை அலமாரியில் மோதிக்கொண்டவர். ரெம் உறக்க நடத்தைக் கோளாறு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அடுத்த பத்து வருஷத்தில் அவர்களே எதிர்பாராத செய்தி வந்தது. இந்தக் கோளாறுக்காக மட்டும் வந்த 29 ஆண்களில் 11 பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்துவிட்டிருந்தது. 1996இல் அதை எழுதினார்கள். மேலும் 16 வருஷம் தொடர்ந்து பார்த்தபோது, தகவல் கிடைத்த 26 பேரில் 21 பேருக்கு அந்த வகை நோயோ மறதிநோயோ வந்திருந்தது. 2003இல் ஜெர்மனியின் ஹைகோ பிராக் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து ஒரு விளக்கம் தந்தார். ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் கெட்டுத் திரளும் சேதம் முதலில் மூளைத்தண்டின் அடிப்பகுதியிலும் முகர்தல் பகுதியிலும் தொடங்குகிறது. கனவில் உடம்பைக் கட்டிவைக்கும் நரம்புகள் இருப்பது அந்தப் பக்கம்தான். கையை நடுங்க வைக்கும் இடத்துக்கு அது பிறகுதான் ஏறி வருகிறது. எல்லாருக்கும் இதே வரிசையில் நடப்பதில்லை என்று விவாதங்கள் உண்டு. ஆனால் பலருக்கு நோய் இரவில்தான் தொடங்குகிறது, பகலுக்கு வந்து சேர வருஷங்கள் ஆகின்றன என்பது இன்று ஏற்கப்பட்ட விஷயம்.

இதைப் படித்த அன்று பெரியம்மாவின் கன்னம்தான் ஞாபகம் வந்தது. அந்தக் கறுப்பு, எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மெடிக்கல் ரிப்போர்ட். எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஞாபகத்துக்கு மருந்து

மறதிக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நோயாளிகளை 20 வருஷம் தொடர்ந்து பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், அத்தனை காலம் உயிரோடு இருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இதைவிடக் குறைந்த அளவுகளைச் சொல்கின்றன. எப்படியானாலும், அறிவுக்குப் பழுதில்லை என்ற 1817இன் வரி அதோடு முடிந்தது.

மருந்து என்று சோதிக்கப்பட்டதில் முக்கியமானது ரிவாஸ்டிக்மின். மேற்கு ஆப்பிரிக்காவின் காலபார் அவரையில் உள்ள நச்சை மாதிரியாக வைத்து உருவாக்கியது. மூளையில் அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்ளும். 2004இல் வெளியான பெரிய ஆய்வில் 541 பேர் இருந்தார்கள். 24 வாரத்தில் மருந்து சாப்பிட்டவர்களில் 19.8 சதவீதம் பேருக்குச் சொல்லும்படியான முன்னேற்றம். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 14.5 சதவீதம். அதிசயம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் பலன். ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு நடுக்கம் தொந்தரவாக இருந்தது, மற்றவர்களில் 3.9 சதவீதம்தான்.

தராசு திரும்பவும் வந்துவிட்டது. ஊமத்தை வகை மருந்து நடுக்கத்தைக் குறைத்து ஞாபகத்தைக் கெடுக்கும். அவரை வகை மருந்து ஞாபகத்தைத் தாங்கிப்பிடித்து நடுக்கத்தைச் சிலருக்குக் கூட்டும். இரண்டையும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் கொடுப்பது ஒரு காலால் ஆக்ஸிலேட்டரையும் மறு காலால் பிரேக்கையும் மிதிப்பது. நடைமுறையில் இது நடக்கத்தான் செய்கிறது. நடுக்கத்துக்கு ஒரு டாக்டர், மறதிக்கு இன்னொரு டாக்டர், இரண்டு சீட்டு.

தூக்க மருந்துகளிலும் இந்தக் கணக்கு உண்டு. கனவில் கைகால் வீசுவதற்குக் குளோனாசெபாம் பழைய மருந்து. ஆனால் முதியவர்களைத் தள்ளாட வைத்து விழவைக்கும், மறுநாள் மந்தமாக்கும். அதனால் இப்போது பலர் மெலடோனினை முதலில் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் ஆய்வுப் பலம் குறைவு. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் இந்தக் கோளாறைத் தூண்டிவிடும். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்றவை பகலில் திடீரெனத் தூக்கத்தில் தள்ளும். வண்டி ஓட்டும்போது அப்படித் தூங்கிய எட்டு பேரைப் பற்றி 1999இல் எழுதினார்கள். நள்ளிரவில் புரண்டு படுக்க முடியாமல் விழித்துக்கொள்பவருக்கு வேண்டியது தூக்க மாத்திரையாக இல்லாமல் இருக்கலாம். சாயங்காலம் போட்ட லெவோடோபா தீர்ந்து உடம்பு விறைத்திருக்கும்; மருந்தின் நேரத்தை மாற்றினாலே போதும். இல்லாத ஆட்கள் தெரிகிறார்கள் என்றால் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் ஆபத்து. டோபமினை அடைத்து ஆளை உறைய வைத்துவிடும். அதற்குக் குளோசபின், குவெட்டியபின் மாதிரி சிலவற்றைத்தான் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

இவற்றில் எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் சொல்வதற்கு அவருக்கு இரவு தெரிந்திருக்க வேண்டும். அது அவர் அறையில் தெரியாது.

ஆரோக்கியசாலை

பெரியம்மா வேண்டிக்கொண்டது ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளேயே இருக்கும் தன்வந்திரி சந்நிதியில். அந்தச் சந்நிதிக்கு ஒரு பழைய கதை உண்டு. சக ஆண்டு 1415, அதாவது 1493இல் பொறித்த கல்வெட்டு ஒன்று, கருடவாகன பட்டர் என்பவர் சிதைந்து கிடந்த ஆரோக்கியசாலையைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. கோயிலை ஒட்டி ஒரு ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் இது தனிச் செய்தியும் இல்லை. 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகளோடு ஒரு ஆதுலர் சாலை இருந்ததையும், மருத்துவர், அறுவை செய்பவர், பணிவிடை செய்யும் பெண்கள் இருவர் என்று யார் யாருக்கு எவ்வளவு நெல் கூலி என்பதையும் விவரமாகப் பதிந்திருக்கிறது.

அந்தக் காலத்து மருத்துவத்தைப் புகழ இதைச் சொல்லவில்லை. லெவோடோபா இல்லாத காலத்தில் பெரியப்பாவுக்கு இந்த நோய் வந்திருந்தால் சீக்கிரமே முடங்கிப்போயிருப்பார். ஆனால் அந்தக் கல்வெட்டில் உள்ள பணிவிடைப் பெண்கள் இருவரையும் நினைத்துக்கொள்கிறேன். படுக்கை இருக்கிறது என்றால் இரவு இருக்கிறது. யார் புரண்டார்கள், யார் பிதற்றினார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இன்று அந்த வேலை வீட்டில் பக்கத்தில் படுத்திருக்கும் ஒருவருடையது. பெரும்பாலும் ஒரு பெண்ணுடையது. கூலி கிடையாது, கேட்பாரும் கிடையாது.

பெரியம்மாவை எழுதச் சொன்னேன். ஆரம்பத்தில் மறுத்தார். பிறகு தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். எத்தனை மணிக்கு எழுந்தார், கத்தினாரா, பாத்ரூமுக்கு எத்தனை தடவை, பகலில் எப்போது கண்ணயர்ந்தார், யாரை அடையாளம் தெரியவில்லை. ஒரு மாதத்துத் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு டாக்டர் மேசையில் வைத்தோம். வேறு டாக்டர். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். கூட்டம் வெளியே நின்றிருந்தது, ஆனாலும் படித்தார். ட்ரைஹெக்ஸிஃபெனிடிலை ஒரேயடியாக நிறுத்தாமல் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். ராத்திரிக்கு மெலடோனின் சேர்த்தார். கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை போடச் சொன்னார். பெரியம்மாவைக் கொஞ்ச நாள் தனிப் பாயில் படுக்கச் சொன்னார்.

"அம்மா, இது அவர் அடிக்கிறது இல்ல. வியாதி அடிக்கிறது" என்றார்.

பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. படியிறங்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கை நடுக்கம் கொஞ்சம் கூடியது. காபி டம்ளரைப் பாதிதான் நிரப்ப முடிந்தது. ஆனால் பேச்சில் இருந்த மூட்டம் கொஞ்சம் விலகியது. பணிமனையில் தன்னோடு வேலை பார்த்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். அந்தத் தெளிவு ஒன்றரை வருஷம் இருந்தது. அதற்கப்புறம் நோய் தன் வழியில் போயிற்று. வாசலில் குழந்தைகள் நிற்பதாகச் சொல்வார், உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போடச் சொல்வார். பெரியம்மாவும், "அவங்க சாப்பிட்டுட்டாங்க, நீங்க தூங்குங்க" என்பார்.

பெரியப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அந்தக் காலண்டர் தாள்களைப் பெரியம்மா இன்னும் வைத்திருக்கிறார். போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், தன் கணவர் தூக்கத்தில் உதைப்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னாராம். பெரியம்மா சிரிக்கவில்லை. எத்தனை நாளா இருக்கு, வாசனை தெரியுதா, நடை எப்படி இருக்கு என்று விசாரித்துவிட்டு, "எதுக்கும் ஒரு நியூரோ டாக்டரைப் பாத்துடுங்க. போகும்போது எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.